நூறு எம்பி லைனில் மூன்று எம்பி

2018 இல் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். திருப்பூரில் நான் அப்போது வேலை பார்த்த பனியன் கம்பெனியில், மெர்ச்சன்ட் செக்‌ஷனில் இருந்து ஒரு ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். அடுத்த சீசன் சாம்பிள்களின் போட்டோ, பிரிண்ட் ஆர்ட்வொர்க் எல்லாம் சேர்த்து ஒரே ஜிப்பாக 40 ஜிபி. மறுநாள் ஜெர்மனியில் பையர் ஆபீஸ் திறக்கும்போது இது அங்கே இருக்க வேண்டும். பிராங்க்பர்ட்டில் வாடகைக்கு ஒரு சர்வர் வைத்திருந்தோம், அதில் ஏற்றிவிட்டால் பையர் எடுத்துக்கொள்வார். நம்மிடம் 100 எம்பிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 100 மெகாபிட் போகும் லீஸ்டு லைன் இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்று மனக்கணக்குப் போட்டு, பைல் அனுப்பும் எப்டிபியில் ஓடவிட்டு டீக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் 3.2 எம்பிபிஎஸ். மீதி நேரம் 27 மணி என்று காட்டுகிறது.

லைனில்தான் கோளாறு என்று ஸ்பீடு டெஸ்ட் போட்டேன், 97 வந்தது. கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன், லைன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர்கள் பக்கத்திலும் எல்லாம் சரி. மறுநாள் காலையில் மொதலாளி வந்து திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, மாசாமாசம் இத்தன காசு கட்டி நூறு எம்பி வாங்கிப் போட்டிருக்குது, மூணு எம்பிதான் போகுமுன்னா மீதிய ஆருங்க சாப்புடறாங்க?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி இணையத்தில் தேடியதில் எனக்குக் கிடைத்த பதில்: டிசிபி மெதுவானது, யூடிபி வேகமானது. இணையத்தில் டேட்டாவைத் துண்டு துண்டாக அனுப்பும் இரண்டு முறைகள் இவை. இந்த ஒரு வரியை நம்பித்தான் மூன்று வாரத்தைத் தொலைத்தேன். வரி பொய் இல்லை, அரைகுறை உண்மை, அதனால்தான் ஆபத்து.

திருப்பூர்க்காரர்களுக்கு டிசிபியை விளக்குவது சுலபம். நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பேக்டிங்குக்கு, அப்புறம் கட்டிங்குக்கு என்று துணி போகிற ஒவ்வொரு இடத்துக்கும் டிசி போடுகிறோம், டெலிவரி சலான். வாங்கியவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஒரு காப்பியைத் திருப்பிக் கொடுத்தால்தான் அனுப்பியவருக்கு நிம்மதி. டிசிபி செய்வதும் அதுதான். ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு, வந்து சேர்ந்ததற்கு எதிர்ப்பக்கம் ஆக் என்று ஒரு ரசீது அனுப்பும், ரசீது வராததைத் திரும்ப அனுப்பும், முன்பின்னாக வந்ததை வரிசைப்படுத்திக் கொடுக்கும். யூடிபிக்கு இதெல்லாம் கிடையாது. பண்டலை வண்டியில் போட்டு அனுப்பியதோடு சரி. 1980 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய அதன் விதிமுறை மொத்தம் மூன்றே பக்கம். ஒவ்வொரு துண்டின் முன்னாலும் ஒட்டுகிற தலைப்பு 8 பைட், அதில் எந்தப் புரோகிராமில் இருந்து எதற்கு என்று சொல்ல இரண்டு போர்ட் எண், ஒரு நீளம், பிழை பார்க்க ஒரு செக்சம், அவ்வளவுதான். அடுத்த வருஷம் செப்டம்பரில் வந்த டிசிபி விதிமுறை எண்பது பக்கத்துக்கு மேல் போகும். மூன்று பக்கத்தைப் பார்த்த எனக்கு ஒரே குஷி, இதன் மேல் ரசீதை மட்டும் நாமே சேர்த்துக்கொண்டால் போதுமே என்று.

டிசிபி ஏன் மூன்று எம்பியில் நின்றது என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. பின்னால் புரிந்தபோது அது எனக்குக் கீழ்பவானி வாய்க்கால் வழியாகத்தான் புரிந்தது, அதனால் அப்படியே சொல்கிறேன்.

என் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, சிவகிரிக்குக் கிழக்கே வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. பவானிசாகரில் கிளம்புகிற அந்த வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அணையில் மதகைத் தூக்கின அன்றைக்கே கடைமடைக்காரன் மண்வெட்டியோடு போய் நின்றால் வெறும் மணலைத்தான் பார்ப்பான். தண்ணீர் வந்து சேர நாள் கணக்காகும். முதலில் வாய்க்கால் நிறைய வேண்டும். அதேபோல, அங்கே சாத்திவிட்டாலும் இங்கே உடனே நிற்காது. "வழியில கெடக்கற தண்ணி வந்துதானே ஆகோணும் கண்ணு" என்பார் அப்பிச்சி. அந்த வழியில் கிடக்கிற தண்ணீர்தான் விஷயம்.

திருப்பூரில் இருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஒரு பிங், அதாவது ஒரு சின்னச் சோதனைத் துண்டு, போய்த் திரும்ப எங்களுக்கு 160 மில்லிசெகண்ட் ஆனது. கண்ணாடி இழையில் வெளிச்சமே செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், கேபிளும் கடலைச் சுற்றிக்கொண்டு போகிறது, எந்தக் கொம்பனாலும் இதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. 100 எம்பிபிஎஸ் லைனை முழுசாக நிரப்ப வேண்டுமானால் முதல் ரசீது திரும்பி வருகிற அந்த 160 மில்லிசெகண்டும் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதாவது 16 மெகாபிட், 2 மெகாபைட், எப்போதும் வழியில் கிடக்க வேண்டும். ரசீது வராமல் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு டிசிபியில் ஒரு உச்சவரம்பு உண்டு, விண்டோ என்பார்கள். ஆரம்பத்தில் அதற்கு ஒதுக்கிய இடம் 16 பிட், அதனால் 65,535 பைட்டுக்கு மேல் எழுதவே முடியாது. 65,535 பைட்டை 160 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்பினால் என்ன வேகம் வரும் என்று வகுத்துப் பாருங்கள். 3.28 எம்பிபிஎஸ்.

ஆமாம், அந்த மூன்று. மொதலாளி கேட்ட கேள்விக்கு விடை இந்த ஒரு வகுத்தல். மீதியை யாரும் சாப்பிடவில்லை, 2 மெகாபைட் கொள்ளும் வாய்க்காலில் 64 கேபியை விட்டுவிட்டு மதகைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்பீடு டெஸ்டில் 97 வந்ததற்கும் காரணம் இதுவேதான். அந்த டெஸ்ட் சர்வர் கோயமுத்தூரிலோ சென்னையிலோ இருக்கும், போய்வர சில மில்லிசெகண்ட், அதிலும் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கும்.

இந்தக் கணக்கு தெரியாமல் நான் புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். பைதான். பைலை 1472 பைட் துண்டுகளாக வெட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் போடு, அனுப்பு. எதிர்ப்பக்கம் வராத எண்களை எல்லாம் செகண்டுக்கு ஒருமுறை பட்டியல் போட்டுக் கேட்கும், அதை மட்டும் திரும்ப அனுப்பு. முதல் நாளே ஆபீசுக்குள் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே ஓட்டினேன். பத்தில் மூன்று துண்டு காணோம். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவிட்ச், மூன்று மீட்டர் கேபிள், இதில் எங்கே தொலையும்? ஒரு நாள் முழுக்கத் தேடின பிறகு தெரிந்தது, வழியில் ஒன்றுமே தொலையவில்லை. வாங்குகிற கம்ப்யூட்டர் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வந்ததைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் அதன் சாக்கெட் பப்பர் நிரம்பி, மேலே வந்ததை எல்லாம் கீழே தள்ளியிருக்கிறது. லினக்ஸில் அது சாதாரணமாக 208 கேபிதான். சரி, வாங்குபவன் "என்னிடம் இவ்வளவுதான் இடம் இருக்கிறது" என்று சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும் என்று சேர்த்தேன். அதற்குப் பெயர்தான் விண்டோ என்பது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் வெளியே ஓட்டினேன். பிராங்க்பர்ட் சர்வருக்கு விபிஎன் என்கிற பாதுகாப்பான தனிப்பாதை வழியாகத்தான் போக வேண்டும், விபிஎன் தன் உறையையும் சேர்த்துப் போடுவதால் 1472 பைட் துண்டு உள்ளே அடங்காமல் இரண்டாக உடைந்து போகிறது, இரண்டில் ஒன்று தொலைந்தாலும் முழுத்துண்டும் போச்சு. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். துண்டை 1300 ஆக்கினேன். அப்புறம், இணைப்பு என்று ஒன்று இல்லாததால், பாதியில் செத்துப்போன பழைய ஓட்டத்தின் துண்டுகள் புது ஓட்டத்தில் வந்து கலந்து பைலைக் கெடுத்தன, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு அடையாள எண் கொடுத்தேன். அப்புறம், "எல்லாம் வந்துவிட்டது, நிறுத்து" என்கிற கடைசிச் செய்தியே தொலைந்துபோனால் அனுப்புகிறவன் விடிய விடியக் காத்திருப்பான், அதற்கு ஒரு டைமர். டைமரை எத்தனை மில்லிசெகண்டுக்கு வைப்பது? போய்வர ஆகும் நேரத்தை அளந்துகொண்டே இருந்து அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும், ஆகவே அதுவும். மூன்று பக்கத்தில் ஆரம்பித்தவன் எண்பது பக்கத்தை ஒவ்வொரு பக்கமாகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன், அதுவும் மோசமான கையெழுத்தில்.

ஆனாலும் ஓடியது. மூன்றாவது வாரம் வேகத்தை 90 எம்பிபிஎஸ் என்று நிலையாக வைத்து 40 ஜிபியைத் தட்டிவிட்டேன். கோடு சீராக ஏறுகிறது. எனக்குக் கால் தரையில் இல்லை.

பத்து நிமிஷத்தில் மெர்ச்சன்ட் செக்‌ஷனில் இருந்து ஆள் ஓடி வருகிறான், பையரோடு வீடியோ கால் உறைந்து நிற்கிறதாம். அக்கவுண்ட்ஸில் பேங்க் பக்கம் திறக்கவில்லை. ஐபி போனில் பேசியவருக்குத் தன் குரல் கிணற்றுக்குள் கேட்கிற மாதிரி இருக்கிறது. இன்னொரு யூனிட்டில் கம்பெனிக் கணக்கு எல்லாம் ஓடுகிற ஈஆர்பி சாப்ட்வேர் தொங்கிப்போய் பேக்கிங் லிஸ்ட் அடிக்க முடியாமல் லாரி வாசலில் நிற்கிறது. ஐந்து மணிக்கு எல்லாரும் லைனை உபயோகிக்கிற நேரம். மற்றவர்களுடைய டிசிபி இணைப்புகள் எல்லாம் நெரிசலைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிக்கொண்டன, என் புரோகிராம் மட்டும் எதையும் பார்க்காமல் 90, 90 என்று தள்ளிக்கொண்டே இருந்தது. தொலைந்ததை மறுபடி கேட்கும், மறுபடி அனுப்பும், அது இன்னும் நெரிசல்.

கீழ்பவானியில் தலைமடைக்காரன் வாய்க்காலிலேயே மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் கடைமடையில் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகவே கேட்டு வளர்ந்தவன் நான். அப்பிச்சி அந்த மோட்டார்க்காரர்களைத் திட்டாத வருஷம் இல்லை. அவர் பேரன் ஆபீஸ் லைனில் அதே மோட்டாரைப் போட்டிருந்தேன்.

இது உலகத்துக்கே ஒருமுறை நடந்திருக்கிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரம், 32 கேபிபிஎஸ் போய்க்கொண்டிருந்த இடத்தில் வேகம் 40 பிபிஎஸ்ஸுக்கு விழுந்தது. 40 கேபி இல்லை, 40 பிட், கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. டிசிபியிலும் அப்போது நெரிசலைக் கவனிக்கிற ஏற்பாடு கிடையாது, தொலைந்தால் திரும்ப அனுப்பு, அவ்வளவுதான், அதாவது என் புரோகிராம் மாதிரி. வான் ஜேக்கப்சன் இதைத் துருவிப் பார்த்து, மெதுவாக ஆரம்பித்து ஏறு, தொலைய ஆரம்பித்தால் பாதியாக இறங்கு என்கிற வழியை 1988 இல் எழுதினார். அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு உங்கள் போனில் ஓடுகின்றன. டிசிபி மெதுவானது என்று நாம் சலித்துக்கொள்வதில் பாதி, உண்மையில் இந்த ஒதுங்கிப்போகிற குணத்தைப் பார்த்துத்தான்.

நியாயமாகப் பேசினால், அந்தக் குணத்திலும் ஒரு கோணல் உண்டு. பழைய டிசிபி ஒரு துண்டு தொலைந்தாலே நெரிசல் என்று முடிவு கட்டிவிடும், மழையில் ஆடிய ஒரு வயர்லெஸ் லிங்கில் தொலைந்ததா, நிஜ நெரிசலா என்று பார்க்காது. பாதியாக இறங்கிய பின் ரசீது வரவர ஏறுவதால், தூரம் அதிகமானால் ஏறுவதற்கும் அதிக நேரம் பிடிக்கும். தொலைப்பையும் போய்வரும் நேரத்தையும் வைத்து டிசிபி வேகத்தைக் கணக்கிட, மேத்திஸ் என்ற ஆய்வாளரும் உடன் மூன்று பேரும் 1997 இல் எழுதிய சூத்திரத்தில் ஆயிரத்துக்கு ஒரு துண்டு தொலைகிறது என்று போட்டுப் பார்த்தேன்: 5 மில்லிசெகண்டில் இருக்கிற கோயமுத்தூருக்கு 90 எம்பிபிஎஸ் வருகிறது, 160 மில்லிசெகண்டில் இருக்கிற ஜெர்மனிக்கு 3 கூட வரவில்லை. அதே தொலைப்பு, அதே லைன். லினக்ஸில் 2006 இல் இருந்து வழக்கமாக வருகிற கியூபிக் என்ற நெரிசல் பார்க்கும் முறை இதைவிடப் பரவாயில்லை. 2016 இல் கூகுள் கொண்டுவந்த பிபிஆர், தொலைப்பை வைத்து முடிவு கட்டாமல் வேகத்தையும் போய்வரும் நேரத்தையும் அளந்து நடக்கும்.

சரி, என் கதை. அந்த அமளிக்குப் பிறகு அவமானத்தில்தான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். 64 கேபி கட்டுப்பாட்டை நீக்க 1992 லேயே விண்டோ ஸ்கேலிங் என்று ஒரு வழி வந்துவிட்டது, இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு விண்டோவைப் பெருக்கிக்கொள்ளும். எங்கள் கம்ப்யூட்டருக்கும் அது தெரியும், பிராங்க்பர்ட் சர்வருக்கும் தெரியும். பிறகு ஏன் 64 கேபியில் நிற்கிறது? லைனில் போகிற பாக்கெட்டுகளைத் திறந்து காட்டும் வயர்ஷார்க்கை இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தேன். இங்கே கிளம்பும்போது விண்டோ ஸ்கேலிங் கேட்கும் அந்த விருப்பக் குறிப்பு (ஆப்ஷன்) பாக்கெட்டில் இருக்கிறது, அங்கே போய்ச் சேரும்போது இல்லை. நடுவில் யார் பிடுங்குகிறார்கள்? எங்கள் சர்வர் ரூமில், எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் வாங்கி, ஏசி காற்றில் சும்மா தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய பயர்வால், உள்ளே வெளியே போவதைச் சோதிக்கிற காவல் பெட்டி. தனக்குப் புரியாத டிசிபி விருப்பங்களை எல்லாம் பாதுகாப்பு என்ற பெயரில் துடைத்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. அமைப்பில் ஒரு டிக் மார்க். எடுத்தேன்.

அதே எப்டிபி, அதே பைல், 60 எம்பிபிஎஸ். அனுப்புகிற கம்ப்யூட்டரில் மட்டும் பிபிஆரைப் போட்டதும் 80ஐத் தாண்டியது, எதிர்ப்பக்கம் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. போன் பேசியவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கத்தை விட்டுத்தான். டிக் மார்க்கைக்கூடத் தேடாமலே அந்த முதல் ராத்திரி தப்பித்திருக்கலாம். ஜேபெக் போட்டோக்களை ஜிப்பில் கட்டினால் அளவு குறையாது. கட்டாமல் தனித்தனியாக விட்டு, எப்டிபிக்கு நான் வைத்திருந்த பைல்ஜில்லா புரோகிராமில் ஒரே நேரத்தில் போகும் பைல்களின் எண்ணிக்கையை 2 லிருந்து 10 என்று மாற்றியிருந்தால், ஒவ்வொன்றும் தன் 3.2 ஐக் கொண்டுபோக மொத்தம் 32 வந்திருக்கும், மூன்று மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். நான் மூன்று வாரம் எடுத்தேன்.

யூடிபி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாமதமாக வந்த சரக்கு குப்பைக்குப் போகும் என்றால் யூடிபிதான். வீடியோ காலில் அரை செகண்டுக்கு முன் பேசிய "ஆமாங்க" இப்போது வந்து என்ன பிரயோஜனம்? டிசிபி அதற்காகப் பின்னால் வந்ததை எல்லாம் வரிசையில் நிறுத்தி வைக்கும், யூடிபி விட்டுவிட்டுப் போகும். இணையதளப் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைக் கேட்கிற டிஎன்எஸ் மாதிரி ஒரு கேள்வி, ஒரு பதில் என்று முடிகிற இடத்திலும், டிசிபி மாதிரி முதலில் கைகுலுக்கி இணைப்பை ஆரம்பிப்பது வீண். உடுமலைப் பக்கம் காற்றாலை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குச் சில செகண்டுக்கு ஒருமுறை காற்று வேகத்தை அனுப்பும் சென்சாரை யூடிபியில்தான் போட்டுக் கொடுத்தேன், ஒன்று தொலைந்தால் அடுத்தது வந்துவிடும்.

பைல் அனுப்புவது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற கேஸ். ஒரு பைட் குறையக்கூடாது, ஆனால் வரிசையாக வர வேண்டிய அவசியமும் இல்லை, கடைசியில் முழுசாக இருந்தால் போதும். அதனால் யூடிபி மேல் நம்பகத்தைக் கட்டுவது கிறுக்குத்தனம் இல்லை. யூடிடி இருக்கிறது, சினிமாக்காரர்கள் பெரிய பைல்களுக்குக் காசு கொடுத்து வாங்குகிற அஸ்பெரா இருக்கிறது. கூகுளில் ஆரம்பித்து 2021 மே மாதம் தரநிலையான குயிக் இருக்கிறது, அதன் மேல்தான் எச்டிடிபி 3 ஓடுகிறது, இதைப் படிக்கிற நேரத்தில் உங்கள் பிரௌசரே அதில் பேசிக்கொண்டிருக்கலாம். குயிக் யூடிபியைத் தேர்ந்ததற்கு ஒரு பெரிய காரணம் எங்கள் பயர்வால் மாதிரிப் பெட்டிகள்: உலகம் முழுக்க டிசிபிக்குள் கைவிட்டு நோண்டுகிறவை இருப்பதால் டிசிபியில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதே பெரும்பாடு, அதனால் குயிக் தன் விஷயத்தை எல்லாம் மறைகுறியாக்கி யூடிபி உறைக்குள் வைத்துக்கொண்டது. ஆனால் அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ரசீது இருக்கிறது, விண்டோ இருக்கிறது, நெரிசல் பார்த்து ஒதுங்குவதும் இருக்கிறது. அவர்களாலேயே அதை விட முடியவில்லை.

ஆகவே இப்போது என்னிடம் யாராவது கேட்டால், எழுதாதே, ஏற்கெனவே எழுதியதை எடுத்துக்கொள் என்பேன். அதற்கும் முன்னால் பிங் எவ்வளவு, எத்தனை தொலைகிறது, விண்டோ எவ்வளவு என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வா என்பேன்.

போன மாதம் இப்போதைய ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி வந்தான். பல்லடம் குடோனில் இருந்து பேக்கப் வரவே மாட்டேன் என்கிறதாம். "ஏனுங்கண்ணா, யூடிபில போட்டு அனுப்பிச்சரலாமுங்களா?"

"பிங் போட்டியா?"

போய்ப் போட்டுவிட்டு வந்தான். "நாலு மில்லிசெகண்டுதானுங்கண்ணா. ஆனா நூத்துக்கு ரெண்டு வரமாட்டீங்குதுங்க."

மறுநாள் இருவரும் வண்டியில் போனோம். குடோனில் சுவிட்சுக்குப் பின்னால் நெட்வொர்க் கேபிள் முனையின் ஆர்ஜே 45 கிளிப் உடைந்து, யாரோ அதைச் செலோ டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். கிரிம்பிங் டூல் என் பையிலேயே இருந்தது.